ஆறரை செண்டிமீட்டர் பனியில் முடங்கிய நகரம்

2014 ஜனவரி 28. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அட்லாண்டா நகரில் பனி பெய்யத் தொடங்கியது. மொத்தம் பெய்தது ஏறத்தாழ ஆறரை செண்டிமீட்டர்தான். உங்கள் சுண்டுவிரல் உயரம்! ஆனாலும், அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் வீடு திரும்ப முடியாமல் பள்ளியிலேயே தங்கினார்கள். சிலர் பள்ளிப் பேருந்துகளில் சிக்கிக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் காரை விட்டுவிட்டு நடந்தே போனவர்களும் உண்டு.

இப்போது ஜப்பானின் சப்போரோ நகரைப் பாருங்கள். ஏறக்குறைய 2 மில்லியன் மக்கள் வாழும் அந்நகரில் ஒரு குளிர்காலம் முழுவதும் பெய்யும் பனியைக் கூட்டினால் சுமார் 5 மீட்டர் வரும். அது ஓர் ஒட்டகச்சிவிங்கியின் உயரம். அங்கே பள்ளிகளும் ரயில்களும் வழக்கம்போல் இயங்குகின்றன. எப்படி?

உப்பும் ரப்பரும்

நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்கான அடுக்குகளாக அமைகின்றன. நீரில் உப்பு கரைந்திருந்தால், உப்பின் அயனிகள் இடையில் புகுந்து அந்த அடுக்கு அமைவதைத் தடுக்கின்றன. அதனால் உறைநிலை குறைகிறது. தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். 10 விழுக்காடு உப்புக் கரைசல் சுமார் -6 டிகிரியில்தான் உறையும். பல நாடுகளில் சாலையில் உப்பைத் தூவுவது இதற்காகத்தான். இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, ஒன்றின்மீது மட்டும் உப்பைத் தூவிப் பாருங்கள். எது முதலில் குழிவிழுந்து உருகுகிறது என்று நீங்களே காண்பீர்கள்.

ஆனால் கடுங்குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது. அத்தகைய இடங்களில் மணலையோ பொடிக்கற்களையோ தூவுகிறார்கள். அவை பனியை உருக்குவதில்லை. சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்ள உதவுகின்றன.

டயரும் முக்கியம். சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கி, சாலையைப் பற்றும் திறனை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். பின்லாந்தில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

சப்போரோ இன்னும் பல படிகள் முன்னே சென்றுள்ளது. இரவு நேரத்தில் இயந்திரங்கள் பனியை அள்ளுகின்றன. லாரிகள் அதை ஊருக்கு வெளியே கொட்டுகின்றன. சுரங்க ரயில் பாதை தரைக்கு மேலே வரும் பகுதியை நீளமான கூரை மூடியிருக்கிறது. அருகிலுள்ள விமான நிலையமோ, குளிர்காலத்துப் பனியைச் சேமித்து வைத்துக் கோடையில் கட்டடத்தைக் குளிர்விக்கப் பயன்படுத்துகிறது!

அட்லாண்டாவில் நடந்தது என்ன?

அட்லாண்டாவில் பனி எப்போதாவதுதான் பெய்யும். அதற்காக நூற்றுக்கணக்கான பனி அள்ளும் வண்டிகளை வாங்கி வைப்பது வீண் செலவு. ஆகவே, வண்டிகள் குறைவாக இருந்தது முட்டாள்தனமல்ல. தவறு வேறோர் இடத்தில் நடந்தது. பனி விழத் தொடங்கியதும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரே நேரத்தில் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பின. சாலைகள் கார்களால் நிரம்பின. சக்கரங்களின் அடியில் உருகிய பனி மீண்டும் உறைந்து வழுக்கும் பனிக்கட்டியானது. உப்பு தூவும் வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன.

கற்ற பாடமும் கல்லாத பாடமும்

2011 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது மின் நிலையங்கள் பல செயலிழந்தன. குழாய்களுக்கும் கருவிகளுக்கும் குளிர்காப்பு உறை போடுங்கள் என்று வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். அது கட்டாயமாக்கப்படவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில், அதைவிடக் கொடிய குளிர் வந்தது. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையக் கருவிகளும் உறைந்தன. டெக்சசின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்து இயங்குவதால், அண்டை மாநிலங்களிடமிருந்து போதிய மின்சாரம் பெறவும் வழியில்லை. 4.5 மில்லியனுக்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் இருளில் மூழ்கின. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே குளிர்காப்பு சட்டமானது.

அட்லாண்டா பத்தாண்டு காத்திருக்கவில்லை. இரண்டே வாரத்தில், 2014 பிப்ரவரி 12 அன்று, அடுத்த பனிப்புயல் வந்தது. இம்முறை புயலுக்கு முன்பே பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். சாலைகள் வெறிச்சோடின, உப்பு வண்டிகளுக்கு வழி கிடைத்தது. நகரைக் காத்தது புதிய இயந்திரமல்ல, நேரத்தோடு எடுத்த முடிவு.

நமக்குப் பனி இல்லை, பெருமழை உண்டு. அதற்காகத்தான் நம் வீட்டருகே ஆழமான வடிகால்கள் வெட்டப்பட்டுள்ளன. ஆனால் அவை நாம் வழக்கமாகக் காணும் மழைக்கே அளவெடுக்கப்பட்டவை. அதை மிஞ்சும் மழை ஒருநாள் வந்தால்? அடுத்த முறை வெள்ள எச்சரிக்கை வரும்போது, அட்லாண்டாவின் அந்த இரண்டு நாள்களையும் நினைத்துப் பாருங்கள்.