பந்தை வளர்த்தவர்க்குப் பங்கு என்ன?

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு செய்தி உலக விளையாட்டுப் பக்கங்களை நிறைத்தது. ஜெர்மனியின் 22 வயது நடுக்கள ஆட்டக்காரர் ஃப்ளோரியன் விர்ட்ஸை, இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 10 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 1.6 கோடி பவுண்டு தரவேண்டியிருக்கும். நம் கணக்கில் அடிப்படைத் தொகை மட்டுமே 1,100 கோடி ரூபாய்க்கு மேல். பணியில் இருந்த காலம் முழுவதும் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அந்தத் தொகையின் அளவைக் காட்டிலும் அது யார் யாருக்குப் பங்காகப் பிரிகிறது என்பதே ஆர்வமூட்டியது. அந்தக் கேள்வி என்னைச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு அழைத்துச் சென்றது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விர்ட்ஸ் பிறந்தது 2003-ஆம் ஆண்டு. கொலோன் நகரை ஒட்டிய பிரவ்வைலர் என்ற சிற்றூரின் கிளப்பில்தான் அவர் முதலில் பந்தை உதைத்தார். ஏழு வயதில் கொலோன் கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 2020 ஜனவரியில், 16 வயதில் லெவர்குசன் கிளப்புக்கு மாறினார். அதே ஆண்டு மே மாதத்தில் முதல்நிலை லீகில் அறிமுகமானார். ஜூன் மாதத்தில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கோல் அடித்து, அந்த லீகில் அதுவரை கோல் அடித்தவர்களிலேயே மிக இளையவரானார். 2022 மார்ச்சில் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டின் உலகக் கோப்பை கைநழுவிப் போனது. எனினும் அவர் மீண்டு வந்தார். 2023-24 பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் லெவர்குசன் சாம்பியன் ஆனதில் அவர் பங்கு பெரியது.

இது ஒரு தனிமனிதரின் திறமைக் கதை மட்டுமன்று. ஒரு நாட்டின் முதலீட்டுக் கதையும்கூட. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி ஒரே ஒரு புள்ளியுடன் தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. அந்த அவமானத்துக்குப் பின், தொழில்முறை கிளப்புகள் உரிமம் பெற வேண்டுமானால் இளையோர் பயிற்சிப் பள்ளி நடத்தியே தீர வேண்டும் என்று விதி செய்தார்கள். 2002-இல் நாடெங்கும் 350-க்கும் மேற்பட்ட வட்டாரப் பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். எந்தச் சிற்றூர்ச் சிறுவனும் தேர்வாளர் கண்ணில் படாமல் போய்விடக்கூடாது என்பதே நோக்கம். 2014-இல் உலகக் கோப்பை கைக்கு வந்தது. விதைத்ததற்கும் அறுத்ததற்கும் இடையே 12 ஆண்டுகள்.

இனி, கடலூருக்கு வருவோம். நமக்கும் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் உண்டு. 1994-இல் பிறந்த இந்துமதி கதிரேசன். இந்திய மகளிர் அணிக்காக ஆசிய விளையாட்டுப் போட்டி முதல் தெற்காசியக் கோப்பை வரை ஆடியவர். 2019-இல் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4-0 என வென்றபோது அவற்றில் இரண்டு கோல்கள் இவருடையவை. அதே ஆண்டில், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றபோதும் அந்த அணியில் இருந்தார். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020-இல் கரோனா பொது முடக்கத்தின்போது, பந்தை ஓரமாக வைத்துவிட்டுச் சாலையில் காவல் பணி பார்த்தவர்.

நடுக்கள ஆட்டக்காரரின் வேலை, பார்ப்பவர் கண்ணில் எளிதில் படாதது. கோல் அடிப்பவர் பெயர் செய்தியில் வரும். தடுப்பவர் பெயரும் வரும். பந்தை வாங்குமுன்பே அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. வயலுக்கும் சந்தைக்கும் இடையே சரக்கைச் சரியான நேரத்தில் கொண்டு சேர்ப்பவரைப் போன்றவர் அவர். இந்துமதியைப் போலவே, அவரை உருவாக்கிய கடலூரும் நாடறியாத நடுக்களமாகவே இருந்துவருகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே கிள்ளை வரையிலான மீனவக் குப்பங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அரசு இல்லங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களிலும், ஏழ்மையாலும் குடும்பச் சிதைவாலும் விடுதிக்கு வந்த சிறுமிகளிலும் பலரை எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்துக் களத்துக்கு அழைத்து வந்தார். அவர் நடத்தும் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகத்திலிருந்து இந்திய அணிக்கும் தமிழ்நாட்டு அணிக்கும் வீராங்கனைகள் சென்றார்கள். இந்துமதியும் முன்கள ஆட்டக்காரர் சந்தியா ரங்கநாதனும் கடலூர்க் களம் தந்தவர்கள்தாம்.

2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், கோப்பையைப் பலமுறை வென்றிருந்த மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. அந்த அணியில் கடலூரில் பயிற்சி பெற்றவர்கள் பலர். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை வென்று மீண்டும் கோப்பையைக் கொண்டுவந்தது தமிழ்நாடு. ஒரு மாவட்டத் தலைநகரின் களத்துக்கு இது சாதாரண அறுவடை அன்று.

இங்கேதான் பங்கீட்டுக் கேள்வி எழுகிறது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி ஒன்று உண்டு. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் 5 சதவீதம், அவருக்கு 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி அளித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம்; அதன் பின்னர் ஆண்டுக்கு 0.5 சதவீதம். இந்த விதியின்படி விர்ட்ஸை 16 வயது வரை வளர்த்த கொலோன் கிளப்புக்கு, அவரது விலையில் குறைந்தது 1 சதவீதம், அதாவது 10 லட்சம் பவுண்டு உரியதாகிறது. வளர்த்தவருக்குப் பங்கு என்ற நியாயம் விதியாகவே எழுதப்பட்டுள்ளது.

பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். ஒருவர் செலவு செய்ய, பயன் மற்றொருவருக்குப் போய்ச் சேர்ந்தால், செலவு செய்பவர் காலப்போக்கில் கையை இழுத்துக்கொள்வார். பயன் சமூகத்துக்குத் தேவையானதாக இருந்தும் போதிய அளவில் உருவாகாது. அதைத் தடுக்கவே இந்த 5 சதவீதம்.

ஆனால், இந்த விதி கடலூரை எட்டுவதில்லை. காரணம் எளிது. விற்பனை விலை என்று ஒன்று இருந்தால்தான் அதில் 5 சதவீதம் இருக்கும். நம் மகளிர் லீகில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குறுகிய காலத்தவை. பருவம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். வீராங்கனை விலையின்றி வேறு அணிக்குப் போவார். பூஜ்யத்தில் 5 சதவீதம் பூஜ்யமே. இளம் ஆட்டக்காரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது அவரை வளர்த்த கிளப்புக்குத் தரப்படும் பயிற்சி இழப்பீடு என்று ஃபிஃபாவில் வேறொரு ஏற்பாடும் உண்டு. அந்த விதி மகளிர் கால்பந்துக்குப் பொருந்தாது என்று விதிநூலே விலக்கி வைத்துள்ளது. மகளிர் அணிகள் அந்தச் சுமையைத் தாங்க மாட்டா என்ற அக்கறை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அக்கறை உண்மையாகவே இருக்கட்டும். அதன் செலவை ஏற்பவர் வளர்த்தவரே.

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. ஜெர்மனியே 1955-இல் தன் கிளப்புகளில் மகளிர் கால்பந்துக்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1970-இல். 1989-இல் ஜெர்மானிய மகளிர் முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, அவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது ஆளுக்கொரு காப்பிக் கோப்பைத் தொகுப்பு! விர்ட்ஸின் அக்காள் யூலியானேவும் தொழில்முறை வீராங்கனைதான்; லெவர்குசனுக்கும் பிரெமனுக்கும் ஆடியவர். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ஆட்டம். தம்பியின் விலையை உலகம் அறியும். அக்காளின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

நான் கடலூருக்குச் சென்றதன் காரணத்தை இப்போது சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவர், விடுதியில் வளர்ந்தவர், மாநில அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். பயிற்சி முகாம்களால் வருகைப் பதிவு குறைந்தது. தேர்வு எழுதப் பரிந்துரைக்குமாறு கேட்டு வந்தார். விதி விதிதான் என்று மறுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "விளையாட்டு சோறு போடுமா அம்மா?" என்றும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்தபடி, "சோறு போடுறாங்கன்னுதான் சார் மொதல்ல கிரவுண்டுக்கே போனேன்" என்றார்.

அந்த ஆண்டு அவர் தேர்வு எழுதவில்லை. அடுத்த ஆண்டு கல்லூரிக்கும் வரவில்லை. வாய்ப்புச் செலவு என்ற கருத்தை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கத் தெரிந்த எனக்கு, அந்த மாணவி எதை விட்டுவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது புரியவில்லை.

சென்ற மாதம், அவர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் சிறுமிகளுக்குப் பயிற்சி தருவதாக ஒரு பழைய மாணவர் சொன்னார். விடியற்காலைப் பேருந்தில் ஏறினேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், சிப்காட் ஆலைகளின் நெடி எல்லாம் கடந்து போய்ச் சேர்ந்தபோது, இருபது சிறுமிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னை அவரே முதலில் அடையாளம் கண்டுகொண்டார். மாவட்டப் போட்டி ஒன்றில் முழங்கால் தசைநார் அறுந்ததாகவும், அறுவை சிகிச்சைக்குப் பணமில்லாததால் ஆட்டம் அத்துடன் முடிந்ததாகவும் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு மேல் ஜவுளிக்கடையில் வேலை. பயிற்சிக்கு ஊதியம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ சார்" என்று சிரித்துவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு போனார்.

விர்ட்ஸுக்கு அறுந்ததும் முழங்கால் தசைநார்தான். அவருக்குப் பின்னால் மருத்துவர் குழுவும், ஊதியமும், காத்திருக்கக் கூடிய ஒரு கிளப்பும் இருந்தன. இருவருக்கும் நேர்ந்த காயம் ஒன்றே, காப்பு ஒன்றில்லை.

எனவே என்ன செய்யலாம்? நல்ல தொடக்கங்கள் இல்லாமலில்லை. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் உள்ளது. மகளிர் லீக் அணிகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2023-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. மாதக் கணக்கில் ஏறத்தாழ 26,700 ரூபாய். இவை வென்றவர்களுக்கான ஏற்பாடுகள். வளர்ப்பவருக்கும், வழியில் விழுந்தவருக்கும் ஏற்பாடு வேண்டும்.

முதலாவது, சந்தை தராத பங்கை அரசு தரலாம். ஒரு வீராங்கனை தேசிய அணிக்குத் தேர்வானாலோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றாலோ, 12 வயது முதல் அவரைப் பயிற்றுவித்த களங்களுக்கு ஆண்டுக் கணக்குப்படி ஒரு தொகை வழங்கலாம். அதற்கு, யார் எந்த வயதில் எங்கே பயின்றார் என்ற பதிவேடு மாவட்டந்தோறும் வேண்டும். இரண்டாவது, மாவட்ட அளவில் ஆடும் ஒவ்வொரு சிறுமிக்கும் சிறுவனுக்கும் காயக் காப்பீடு வேண்டும். அது அறுவை சிகிச்சையோடு பின்னுள்ள இயன்முறை மருத்துவத்தையும் உள்ளடக்க வேண்டும். மூன்றாவது, பயிற்சி முகாம் நாள்களைக் கல்லூரிகள் தாமாகவே வருகை நாள்களாக ஏற்க வேண்டும். மாணவி ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியரின் தயவை எதிர்நோக்கி நிற்கும் நிலை கூடாது. அந்த ஆசிரியர் என்னைப் போன்றவராகவும் இருந்துவிடக்கூடும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஜெர்மனி 12 ஆண்டுகள் காத்திருந்து அறுவடை செய்தது. கடலூர் தன் அறுவடையை ஏற்கெனவே இருமுறை காட்டிவிட்டது. பலன் தெரிந்துவிட்ட பயிருக்கு நீர் பாய்ச்சத் தயங்குவது சிக்கனம் ஆகாது.

அன்று புறப்படும்போது அந்தச் சிறுமிகளில் ஒருத்தியிடம், என்னவாக ஆட விருப்பம் என்று கேட்டேன். "மிட்ஃபீல்டு" என்றாள். அவள் கல்லூரிக்கு வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), சிதம்பரம்.