ஜீனோவும் எங்க அத்தையும்

லீவுக்கு வந்த நாத்தனார் மகள், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. எடுத்தேன், கீழே வைக்க மனசில்லை.

ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆளும் நாடு. பேர்கூட இரண்டெழுத்துதான். பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும். கணவன் சிபி திடீரென்று காணாமல் போக, நிலா தேடிக் கிளம்புகிறாள். துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், நையாண்டியும் பண்ணும்! கதை நடப்பது 2020-களில். அந்த வருஷங்கள் வந்தாச்சு, ஜீனோவைத்தான் பாடாலூர்ப் பக்கம் காணோம்.

சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டே தினமும் அத்தைக்குக் கொஞ்சம் சொல்வேன். அனுமதி விஷயம் வந்ததும் கொதித்துவிட்டார்.

“புள்ள பெத்துக்க இவனுங்க யாருடி பர்மிட் குடுக்க?”

“இங்க மட்டும் என்னங்கத்தை? ரெண்டாவது எப்பன்னு தெருவே கேக்குதே...” என்றேன். பதிலே இல்லை. பயந்துதான் போனேன்.

போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் உறவுக்காரம்மா அதே கேள்வியை ஆரம்பித்தார். நான் வாய் திறக்குமுன் அத்தை, “அது அவ இஷ்டம், நீ சாப்பிடு” என்றாரே பார்க்கணும்!

அடுத்த பாகம் ‘மீண்டும் ஜீனோ’ வாங்கியாச்சு. அவசரம் எனக்கல்ல, அத்தைக்கு!

- ஒரு வாசகி, பாடாலூர்