மணமானால் வேலையில்லை: முத்தம்மா தொடுத்த வழக்கு

பெங்களூரில் 2009 அக்டோபர் 14-இல் காலமான சி.பி. முத்தம்மாவை, வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி என்ற ஒற்றை வரியில் பலரும் குறிப்பிட்டு நிறுத்திவிடுகின்றனர். அரசை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு அதைவிட முக்கியமானது.

குடகு மாவட்டம் விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தவர் முத்தம்மா. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1949-இல் பணியில் சேர்ந்தார். திருமணம் செய்துகொண்டால் விலகிவிடுவதாக அவரிடம் எழுதி வாங்கப்பட்டது. பின்னர் 1961-ஆம் ஆண்டு விதிகளிலும் இந்த மனப்போக்கு நீடித்தது. பெண் அதிகாரி மணம் புரிய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும்; குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு எனக் கருதினால் அவரை ராஜிநாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண்ணுக்குப் பணி நியமனம் உரிமையாகாது என்றும் ஒரு விதி இருந்தது. ஆண்களுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. முத்தம்மா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

ஹங்கேரியில் தூதராகப் பணியாற்றிய பிறகும், முதல்நிலைப் பதவி உயர்வு அவருக்கு மறுக்கப்பட்டது. தகுதி போதவில்லை என்பது அரசு சொன்ன காரணம். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே பதவி உயர்வு வந்தது! போதாத தகுதி சில மாதங்களில் எப்படிக் கூடியது என்பதை யாரும் விளக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் இளையவர்கள் அவரை முந்திவிட்டனர்.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1979 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு, அந்த விதிகளைக் கடுமையாகச் சாடியது. குடும்பப் பொறுப்பு மனைவிக்கு இடையூறு என்றால் கணவனுக்கும் அதுதானே என்று கேட்டது. விதிகளை நீக்குவதாக அரசு உறுதியளித்ததால் மனு தள்ளுபடியானது. எனினும் முத்தம்மாவின் பணி மூப்பை மறுபரிசீலனை செய்ய நீதிமன்றம் பணித்தது. அவர் 1982-இல் ஓய்வு பெற்றார்.

வெளியுறவுச் செயலர் நாற்காலியில் முதல் பெண்ணாக சொகிலா ஐயர் அமர்ந்தது 2001-இல்தான். கர்நாடகக் காவல்துறைக்கு முதல் பெண் தலைவராக நீலமணி ராஜு வந்தது 2017-இல். அமைச்சரவைச் செயலர் பதவி 1950-இல் உருவானது. 2024-இல் நடந்த நியமனம் வரை அதில் ஒரு பெண்கூட அமர்த்தப்படவில்லை.