றொபிசன் கவுண்டியின் மூவினக் குடிகள்

மக்களை எண்ணுதல் ஒரு தொழில். அவர்களை இனம் இனமாக வகுத்தல் மற்றொரு தொழில். எண்ணுதற்குக் கணக்கறிவு போதும். வகுத்தற்கோ, இன்னார் இன்ன இனத்தவர் எனத் துணிதற்குரிய அளவுகோல் ஒன்று வேண்டும். அவ்வளவுகோலை ஆக்குவோர் யாவர், அது மாறுந்தோறும் மக்கள் வாழ்வில் யாது நேர்கின்றது என்பன வரலாற்று மாணாக்கர் கருத்தூன்றி ஆராய்தற்குரியன. இவ்வாராய்ச்சிக்கு ஐக்கிய அமெரிக்க நாட்டின் வட கரோலினா அரசில் உள்ள றொபிசன் கவுண்டி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கவுண்டி என்பது அரசின் உட்பிரிவாய், நம் மாவட்டத்தை ஒருபுடை ஒத்துள்ள ஆட்சிப் பிரிவு. றொபிசன் கவுண்டி 1787ஆம் ஆண்டில் பிளேடன் கவுண்டியினின்றும் பிரிக்கப்பட்டது. ஏறக்குறைய 950 சதுரமைற் பரப்புடைய இது நாட்டுப்புறமாகவே இருந்து வருகின்றது. கருநிற நீரையுடைய லம்பர் ஆறு சதுப்பு நிலங்களினூடே மெல்லென ஊர்ந்து செல்கின்றது. முதலிற் பைன் மரப் பிசினும், பின்னர்ப் பருத்தியும் புகையிலையும் இந்நிலத்தின் செல்வங்களாயின. லம்பர்ற்றன் தலைமை நகராகும்.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 1,16,530 பேர். அவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் அமெரிக்க இந்தியர். அஃதாவது கொலம்பசுக்கு முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்த முதுகுடிகளின் வழித்தோன்றல்கள். வெள்ளையர் ஏறக்குறையக் காற்பங்கினர். கறுப்பினத்தவர் அதனிற் சற்றுக் குறைந்தோர். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தோரும் அவர்தம் மக்களும் பத்தில் ஒரு பங்கினர். எவ்வினத்தவரும் பாதிக்கு மேற்படாமை இக்கவுண்டியின் தனிச் சிறப்பு. மிசிசிப்பி ஆற்றின் கிழக்கே அமெரிக்க இந்தியர் இவ்வளவு பெருந்தொகையினராய் ஒரு கவுண்டியில் வாழ்தல் அரிது.

இம்மூவினமும் இங்கு வந்து கூடிய வகை வெவ்வேறாகும். 1730ஆம் ஆண்டுகள் தொடக்கம் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டார் கேப் வியர் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் குடியேறினர். அவர்கள் கேலிக் மொழியைத் தலைமுறை சிலவாகப் பேணினர். ‘மக்’ எனத் தொடங்கும் குடும்பப் பெயருடையார் மிகுதியாய் வாழ்ந்தமையால் இங்குள்ள ஊரொன்று மக்ஸ்ரன் எனப் பெயர் பெற்றது. ஆபிரிக்கர் அடிமைகளாய்க் கொணரப்பட்டுப் பைன் காடுகளிலும் பருத்தி வயல்களிலும் உழைத்தனர். இந்தியரோ இவ்விரு சாராருக்கும் முன்னரே அங்கிருந்தவர். ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களாலும் போர்களாலும் சிதைந்த பல்வேறு குடிகளின் எச்சமாயினோர், பிறர் எளிதிற் புகாத லம்பர் ஆற்றுச் சதுப்புகளில் ஒன்றுகூடி ஒரு சமுதாயமாயினர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. இவர்கள் தம் பழைய மொழிகளை இழந்து ஆங்கிலம் பேசினர், கிறித்தவத்தைத் தழுவினர், வேளாண்மை செய்தனர். அரசாங்கத்தோடு உடன்படிக்கை எதனையும் செய்திலர். தமக்கென ஒதுக்கப்பட்ட நிலமும் பெற்றிலர். மொழியாலும் சமயத்தாலும் தொழிலாலும் அயலாரோடு ஒத்திருந்தமையே இவர்களுக்குப் பின்னாளில் இடராயிற்று. தாம் யார் என்பதை எண்பிக்குமாறு இவர்களே கேட்கப்பட்டனர்.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் முதற் குடிசன மதிப்பு 1790ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதன்கண் ஐந்து பகுப்புகளே இருந்தன. வெள்ளையருள் ஆடவர் அகவையால் இரு பகுப்பினராகவும் பெண்டிர் ஒரு பகுப்பினராகவும் கொள்ளப்பட்டனர். எஞ்சிய இரண்டும் ‘ஏனைச் சுதந்திர மக்கள்’, ‘அடிமைகள்’ என்பன. வரி செலுத்தாத இந்தியர் கணக்கிற் கொள்ளப்பட்டிலர். லம்பர் ஆற்றங்கரையினர் நிலமுடையோராய் வரி செலுத்தியமையால் ‘ஏனைச் சுதந்திர மக்கள்’ என்னும் பகுப்பில் அடங்கினர். 1850ஆம் ஆண்டிற் கலப்பினத்தவரைக் குறிக்கும் ‘முலாற்றோ’ என்னும் குறி புகுந்தது. அதன்பின் இவர்களுட் பலர் அக்குறியாற் பதியப்பெற்றனர். ஏட்டில் இந்தியர் என்னும் சொல் இல்லாமையால் நாட்டிலும் இந்தியர் இலர் என்பது போலாயிற்று.

ஏட்டிலுள்ள பகுப்பு வாழ்வையும் பகுக்கும். 1835ஆம் ஆண்டில் வட கரோலினாவின் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, வெள்ளையரல்லாத சுதந்திர மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. 1868ஆம் ஆண்டு வரை அவ்வுரிமை மீளவில்லை. உள்நாட்டுப் போரிலே தென்னாட்டுப் படையினர் இவர்களைக் கோட்டை கட்டுதற்கு வலிந்து கொண்டு சென்றனர். 1865இல் ஊர்க்காவற் படையினர் அலன் லோறியையும் அவர் மகன் ஒருவரையும் சுட்டுக் கொன்றனர். மற்றொரு மகனாகிய ஹென்றி பெரி லோறி தம் கூட்டத்தாரோடு சதுப்பிற் புகுந்து, 1872இல் மறையும்வரை அதிகாரத்தை எதிர்த்து நின்றார். அவர் கூட்டத்தில் இந்தியரே பெரும்பாலார். எனினும் கறுப்பினத்தவரும் வெள்ளையர் ஒருவரும் அதிற் சேர்ந்திருந்தனர். ஏடுகள் மூன்றாய்ப் பிரித்தோரைத் துன்பம் ஓரணியிற் சேர்த்தது போலும்.

போரின் பின் எழுந்த பெரும் வினா கல்வியாகும். 1875ஆம் ஆண்டுத் திருத்தம் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் வேறுவேறு பாடசாலைகளை விதித்தது. வெள்ளையர் பாடசாலை இந்தியச் சிறார்க்குக் கதவடைத்தது. மற்றைப் பாடசாலைக்குச் செல்லின் தம் இனப்பெயரை இழப்போம் என அஞ்சிப் பெற்றோர் அங்குப் பிள்ளைகளை விடுக்க உடன்பட்டிலர். இதனால் ஒரு தலைமுறையினர் எழுத்தறிவு பெறாது வளர்ந்தனர். 1885இல் வட கரோலினா அரசு இவர்களைக் ‘குறோற்றன் இந்தியர்’ என ஏற்றுத் தனிப் பாடசாலைகளுக்கு வழிசெய்தது. 1887இல் ஐந்நூறு டொலர் உதவியோடும் பதினைந்து மாணாக்கரோடும் ஓர் ஆசிரிய கலாசாலை தோன்றிற்று. கட்டடத்திற்குரிய நிலத்தையும் உழைப்பையும் மக்களே நல்கினர். அக்கலாசாலையே படிப்படியாய் வளர்ந்து இன்று பெம்புறோக்கிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. கல்விக்காக ஓர் இனம் தன் பெயரை நிலைநாட்டிற்று. பெயரை நிலைநாட்டியதனாற் கல்வியைப் பெற்றது.

எனினும் பெயர் உறுதியாய் நின்றிலது. 1911இல் ‘றொபிசன் கவுண்டி இந்தியர்’ எனவும், 1913இல் ‘றொபிசன் கவுண்டிச் செரோக்கி இந்தியர்’ எனவும், 1953இல் ஆற்றின் பெயரால் ‘லம்பீ’ எனவும் சட்டம் இவர்களை அழைத்தது. இவற்றுள் இறுதிப் பெயரே அவர்களது வாக்கெடுப்பால் அமைந்தது.

இனத்தை அளவுகோல் கொண்டு அளக்க முயன்ற நிகழ்ச்சி ஒன்றும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இந்திய இரத்தம் பாதியளவேனும் உடையோர்க்கே 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பயன்கள் உரியனவாயின. இதனை ஆராயுமாறு 1936இல் மானிடவியலாளர் காள் செல்சர் அனுப்பப்பட்டார். அவர் தலையையும் முகத்தையும் அளந்தார். பல்லையும் மயிரையும் தோலின் நிறத்தையும் நோக்கினார். ஆராயப்பட்ட 209 பேருள் 22 பேரே தகுதியுடையோர் எனத் துணியப்பட்டது. உடன்பிறந்தாருட் சிலர் இந்தியராகவும் சிலர் அல்லாதோராகவும் முடிவு செய்யப்பட்டனர். ஒரு தாய் வயிற்றிற் பிறந்தோரை இரண்டு இனத்தவராக்கும் அளவை, அளக்கப்பட்டோரின் குறையை அன்று, அளவையின் குறையையே காட்டுகின்றது.

1956இல் அமெரிக்கப் பேரவை லம்பீ என்னும் பெயரை ஏற்றது; ஆயினும் ஏனை இந்தியக் குடிகள் பெறும் உதவிகளை அதே சட்டத்தால் மறுத்தது. இரண்டாண்டின் பின், 1958 சனவரி 18ஆம் நாள், கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வெறிக்கூட்டத்தார் மக்ஸ்ரன் அருகே கூட்டங்கூட முற்பட்டபோது, பல நூற்றுவரான லம்பீ மக்கள் திரண்டு, உயிர்ச்சேதம் எதுவுமின்றி அவர்களைத் துரத்தினர். முழு ஏற்புக்காக அவர்கள் இடைவிடாது கேட்டுவந்தது 2025ஆம் ஆண்டின் இறுதியிலேயே சட்டமாய் நிறைவேறிற்று. ‘ஆம்’ எனவும் ‘அன்று’ எனவும் ஒரே வாயாற் கூறிய சட்டம் திருந்துதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன.

குடிசன மதிப்பு முறையும் இடையே மாறியது. 1950ஆம் ஆண்டு வரை இனத்தைத் துணிபவர் கணக்கெடுக்க வந்த அலுவலரே. 1960, 1970ஆம் ஆண்டுகளில் மக்கள் தாமே படிவம் நிரப்பும் முறை பரவியது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறித்தலும் கூடுவதாயிற்று. பகுப்புகள் எத்துணை நிலையற்றன என்பதற்கு இந்துக்கள் அறியத்தக்க சான்றொன்று உண்டு. 1920, 1930, 1940ஆம் ஆண்டு மதிப்புகளில் ‘இந்து’ என்பது ஓர் இனப்பெயராய் அமைந்தது. இந்தியாவிலிருந்து சென்றவர் சீக்கியராயினும் முஸ்லிமாயினும் அவ்வேட்டில் ‘இந்து’வாகவே எழுதப்பெற்றனர். சமயப் பெயர் இனப்பெயராய்ப் புகுந்து, முப்பதாண்டில் மறைந்தது.

பகுப்புகளுக்கு அடங்காத புதியோரும் றொபிசனில் வந்து சேர்ந்தனர். 1992இல் அயலிலுள்ள பிளேடன் கவுண்டியிற் பெரியதொரு பன்றியிறைச்சி ஆலை திறக்கப்பட்டபின், மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் மிகுதியாய் வந்தனர். குடிசன மதிப்பு இவர்களை இனமாகக் கொள்ளாது, தனி வினா ஒன்றால் வேறு பிரித்தது. 2024இல் வகுக்கப்பட்ட விதி இரு வினாக்களையும் ஒன்றாக்கியது. மறுபுறம், நெசவாலைகள் மூடப்பட்டமையாலும், 2016இலும் 2018இலும் வீசிய புயல்களால் லம்பர் ஆறு பெருகி வீடுகளை அழித்தமையாலும் பலர் வெளியேறினர். 2010இல் 1,34,168 ஆயிருந்த தொகை பத்தாண்டிற் பதினேழாயிரத்துக்கு மேற் குறைந்தது. வெள்ளம் எவ்வினத்தவர் வீட்டையும் விலக்கிச் சென்றிலது.

வேறுவேறாய் நின்ற பாடசாலைகளும் ஒன்றாயின. கவுண்டியில் ஐந்து கல்விச் சபைகள் இருந்தன. நகரத்தார் தம் சபைக்கும், இந்தியரும் கறுப்பினத்தவரும் மிக்க கிராமச் சபைக்குமாக இருமுறை வாக்களித்த வழக்கை 1975இல் நீதிமன்றம் ஒழித்தது. 1989இல் ஐந்து சபைகளும் ஒரு சபையாக இணைந்தன. பதினைந்து மாணாக்கரோடு தொடங்கிய பெம்புறோக் கலாசாலையில் இன்று எல்லா இனத்தாரும் ஒருங்கிருந்து கற்கின்றனர்.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? இனத்தொகை கூறும் அட்டவணை பயனற்றதன்று. பாடசாலையும் வைத்தியசாலையும் பிரதிநிதித்துவமும் அதனை நோக்கியே பங்கிடப்படுகின்றன. ஆதலினாலேயே அதனைக் கற்போர் எண்களை மட்டும் நோக்காது, தலைப்புகளையும் நோக்குதல் வேண்டும். எண்ணப்பட்டோர் எத்துணையர் என்பதனோடு, அவர்க்குப் பெயரிட்டவர் யாவர் என்பதும் வினவத்தக்கது. றொபிசன் கவுண்டி மக்கள் ஏறக்குறைய இருநூற்றாண்டுகளாக அவ்வினாவையே எழுப்பி வந்தனர். அதற்குரிய விடையையும் தாமே எழுதினர்.