விரைவுப் படகுக் காவலர்களின் உயிர்: அரசின் பதில்களில் இடம்பெறாத கேள்வி

புது தில்லி: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலையூர் வட்டவடை. புவிசார் குறியீடு பெற்ற பூண்டும், படிவயல்களில் விளையும் காய்கறிகளும்தான் இவ்வூரின் அடையாளம். தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்கின்றன. இவ்வூர் இளைஞர் ஒருவர் கேரளக் காவல் துறையில் சேருகிறார் என வைத்துக் கொள்வோம். அவர் படகேறிப் பணியாற்ற நேரிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, அம்மாநிலத்தில் உள்ள 18 கடலோரக் காவல் நிலையங்களில் ஏதேனும் ஒன்று. மற்றொன்று, அவரது சொந்த மாவட்டத்திலேயே உள்ள தேக்கடி ஏரி.

இவ்விரு இடங்களிலும் அவர் ஏறப்போவது சிறிய, விரைவான ரோந்துப் படகு. அந்தப் படகின் விலை, எண்ணிக்கை, கொள்முதல் நிலவரம் ஆகியவை நாடாளுமன்றத்தில் பலமுறை வெளியிடப்பட்டுள்ளன. அதில் நிற்கும் மனிதருக்கு என்ன நேருகிறது என்பது பற்றிய விவரம், இச்செய்தியாளர் பார்த்தவரை, எந்தப் பதிலிலும் இடம்பெற்றதில்லை.

நீருக்கு அடியில் ஒரு காடு

தேக்கடி ஏரி என நாம் அழைப்பது முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கமே. 1895-ல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரியில் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் ஆர்வத்துடன் படமெடுக்கும் இந்த மரங்கள்தான் படகோட்டிகளின் பெருங்கவலை. வெளியே தெரியும் மரத்தை விலக்கி ஓட்டிவிடலாம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும் அடிமரத்தை என்ன செய்வது?

நீர்மட்டம் 142 அடியா, 152 அடியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்ததையும், 2014 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு 142 அடிக்கு அனுமதி அளித்ததையும் வாசகர்கள் அறிவர். படகோட்டிக்கு அந்த அடிக்கணக்கின் பொருள் வேறு. மழைக்காலத்தில் தடையின்றிக் கடந்த அதே நீர்ப்பாதையில், கோடையில் மட்டம் இறங்கியதும் மரங்கள் படகின் அடிப்பாகத்தை எட்டிவிடும். மெதுவாகச் செல்லும் படகு மோதினால் அதிர்ச்சியுடன் போய்விடும். விரைவுப் படகு மோதினால் படகு நிற்கும், ஆட்கள் நிற்க மாட்டார்கள். முன்னோக்கித் தூக்கி வீசப்படுவார்கள். அதிகாலை மூடுபனியும் இரவு ரோந்தும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இந்த ஏரியில் கேரள வனத்துறையினர் செல்கின்றனர். அணைப் பாதுகாப்புப் பணிக்காகக் கேரளக் காவல் துறையினர் செல்கின்றனர். அணையைப் பராமரிக்கும் தமிழகப் பொறியாளர்களும் ஊழியர்களும் 'கண்ணகி', 'ஜலரத்னா' என்ற படகுகளில் சென்று வந்தனர். தமிழகம் வாங்கிய 'தமிழ் அன்னை' படகு, கேரளத்தின் அனுமதி கிடைக்காமல் பல ஆண்டுகள் தேக்கடியில் முடங்கிக் கிடந்தது. எந்த மாநிலத்தின் படகு எப்போது ஓடலாம் என்பது பற்றி இரு தரப்பும் மணிக்கணக்கில் வாதாடியிருக்கின்றன. படகில் செல்வோர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்களா என்று எந்தத் தரப்பும் இத்தனை ஆவேசமாகக் கேட்டதாக நினைவில்லை.

இத்தனைக்கும் இதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அதற்கு முன்பு 2007-ல் தட்டேக்காடு, பின்னர் 2023-ல் 22 உயிர்களைப் பறித்த தானூர் எனக் கேரளம் கண்ட படகு விபத்துகள் பல. ஒவ்வொன்றின் பின்னும் எழுந்த கேள்விகள் பயணிகளைப் பற்றியவை. அது நியாயமே. ஆனால் பயணச்சீட்டு வாங்காமல் தினமும் படகேறும் அரசு ஊழியர் அந்தக் கேள்விகளுக்குள் வரவில்லை.

அலை அல்ல, அடி

நமது வட்டவடைக் காவலர் கடலோரத்துக்கு மாற்றப்பட்டால் அங்கே அடிமரங்கள் இல்லை, அலை இருக்கிறது. மணிக்கு 30 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு படகு செல்லும்போது, அது அலையின் மீது மிதந்து செல்வதில்லை. ஓர் அலையின் முகட்டிலிருந்து எகிறி அடுத்ததன் மீது விழுகிறது. அந்த வேகத்தில் நீர், தரையைப் போலவே கடினமாகத் தாக்கும். ஒவ்வொரு விழுதலிலும் உடல் எடையின் பல மடங்கு விசை முதுகெலும்பின் வழியே இறங்குகிறது. கரடுமுரடான கடலில் ஒரு மணி நேர ரோந்து என்பது இத்தகைய அடிகளை நூற்றுக்கணக்கில் வாங்குவதாகும். முழங்காலைச் சற்று மடக்கி நிற்கத் தெரிந்தவர் ஓரளவு தப்புவார். அடுத்த அலை எப்போது வரும் என்று தெரியாத இருட்டில் அதுவும் உதவாது.

அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படகுப் பிரிவினரிடம் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் படகுப் பணியால் காயமடைந்ததாகத் தெரிவித்தனர். கீழ் முதுகு, முழங்கால், தோள் ஆகியவையே அதிகம் பாதிக்கப்பட்ட இடங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் பிறப்பித்த ஆணை, பணியிடத்தில் ஒருவரது உடல் ஒரு நாளில் தாங்கலாகாத அதிர்வின் அளவைச் சட்டமாகவே வகுத்தது. விரைவுப் படகுகள் அந்த வரம்பைக் கடப்பது கடினமல்ல என்பதால், அதிர்ச்சியை உள்வாங்கும் இருக்கைகள் அங்கே தனியொரு தொழிலாகவே வளர்ந்துள்ளன.

மற்றொரு சாதனம் மிக மலிவானது. ஒரு முனை ஓட்டுநரின் காலிலும் மறுமுனை இயந்திர விசையிலும் மாட்டப்படும் சிறு கயிறு. ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரம் உடனே நின்றுவிடும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் 2013 மே மாதத்தில் ஒரு குடும்பத்தினர் ஆறு பேரும் விரைவுப் படகிலிருந்து கடலில் வீசப்பட்டனர். கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து அவர்கள் மீதே மோதியதில் இருவர் இறந்தனர்.

பாக் நீரிணையில் இரு தரப்பு உயிர்கள்

வேகமும் நெருக்கமும் சேரும் இடத்தில் என்ன நேரும் என்பதைத் தமிழக மீனவர்களை விட யாரும் நன்கு அறிய மாட்டார்கள். 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைப் படகுடன் ஏற்பட்ட மோதலில் நான்கு மீனவர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் கோட்டைப்பட்டினம் மீனவர் ஒருவர் இறந்தார். 2024 ஆகஸ்ட் 1 அன்று கச்சத்தீவுக்கு வடக்கே நடந்த மோதலில் ஒரு மீனவர் உயிரிழக்க, மற்றொருவர் காணாமல் போனார். அன்றே தில்லியில் உள்ள இலங்கைத் தற்காலிகத் தூதரை வெளியுறவு அமைச்சகம் அழைத்துக் கண்டனம் தெரிவித்தது.

அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு, ஜூன் 25 அன்று, மீனவர் விசைப்படகு ஒன்றைப் பிடிக்க முயன்ற இலங்கைக் கடற்படையின் சிறப்புப் படகுப் பிரிவு வீரர் ஒருவர் காயமடைந்து இறந்தார். பத்து மீனவர்கள் கைது செய்யப்பட்டனர். பழியை மீனவர்கள் மீது சுமத்தியது கொழும்பு. நமது மீனவர்களின் இழப்புடன் இதை நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓடும் விசைப்படகின் பக்கவாட்டில், இரவில், சிறு படகைக் கொண்டு சென்று ஆளை ஏற்றுவது என்ற நடைமுறையே இரு பக்கத்துக்கும் கொலைக்கருவி என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

இந்தியத் தரப்புக்கு மறக்க முடியாத நாள் 2024 டிசம்பர் 18. மும்பை துறைமுகப் பகுதியில் இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படையின் சிறு விரைவுப் படகு கட்டுப்பாட்டை இழந்து, 'நீல்கமல்' என்ற பயணிகள் படகின் மீது மோதியது. மொத்தம் 15 பேர் இறந்தனர். எலிபண்டா தீவுக்குச் சென்ற பயணிகளின் துயரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. இறந்தவர்களில் கடற்படை வீரரும், சோதனைக்காக உடன் சென்ற இயந்திர நிறுவனத்தாரும் இருந்தனர் என்பது சில வரிகளில் முடிந்துபோனது.

204 படகுகள், ஐந்தாண்டு எரிபொருள்

கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டம் 2005-ல் தொடங்கியது. 73 கடலோரக் காவல் நிலையங்களும் 204 படகுகளும் அதில் வழங்கப்பட்டன. கோல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனமும் கோவா கப்பல் கட்டும் தளமும் 12 டன், 5 டன் எடையுள்ள படகுகளைக் கட்டின. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் தலா 24 படகுகள் கிடைத்தன. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வேகம் கூடியது. 2011 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 131 காவல் நிலையங்களும் 150 படகுகளும் அனுமதிக்கப்பட்டன.

காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே படகை மத்திய அரசு தரும். ஆளை மாநிலம் தர வேண்டும். முதல் கட்டப் படகுகளின் எரிபொருள், பழுதுபார்ப்பு, பயிற்சிக்கு ஐந்தாண்டுகளுக்கு உதவி அளித்த தில்லி, அதன் பிறகு பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. சாலையில் ரோந்து சென்ற காவலரே படகிலும் ஏற வேண்டிய நிலை பல மாநிலங்களில் இருந்தது. தமிழகம் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேர்த்தது சற்றே அறிவார்ந்த ஏற்பாடு. கடலைப் படித்தவர்கள் அவர்கள். கடலோரக் காவல் பயிற்சிக்கென குஜராத்தின் ஓகாவில் தேசியப் பயிற்சிக் கழகம் 2018-ல்தான் தொடங்கப்பட்டது. அதாவது முதல் படகுத் திட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. அதன் நிரந்தர வளாகத்துக்கு உள்துறை அமைச்சர் அமித் ஷா 2023 மே மாதத்தில் அடிக்கல் நாட்டினார்.

உள்துறை அமைச்சகத்தின் பதில்களில் உள்ள பட்டியல் எப்போதும் ஒன்றே: நிலையங்கள், படகுகள், படகுத்துறைகள், விடுவிக்கப்பட்ட நிதி. முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு அலுவலகப் பணிக்கு மாற்றப்பட்ட காவலர்கள் எத்தனை பேர், படகு விபத்தில் காயமுற்றோர் எத்தனை பேர், படகுகளில் அதிர்ச்சி தாங்கும் இருக்கைகள் பொருத்தப்பட்டுள்ளனவா, இயந்திரம் நிறுத்தும் கயிறு கட்டாயமா, இரவு ரோந்துக்கு வேக வரம்பு உண்டா என்ற தலைப்புகள் அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்கள் இவற்றைத் தொகுக்காவிட்டால் தில்லியிடமும் இருக்கப்போவதில்லை. "மாநிலங்களிடமிருந்து தகவல் சேகரிக்கப்படுகிறது" என்ற வழக்கமான பதிலாவது வரட்டும். சேகரிக்கத் தொடங்க அது ஒரு காரணமாகும்.

மக்களவையில் ஒரு கேள்வி இடம்பெற உறுப்பினர் அளிக்க வேண்டிய முன்னறிவிப்பு 15 நாள்கள். கடற்கரைத் தொகுதிகளிலிருந்து மட்டுமல்ல, வட்டவடையும் தேக்கடியும் அடங்கிய இடுக்கித் தொகுதியிலிருந்தும், அணையின் நீரைப் பெறும் தேனித் தொகுதியிலிருந்தும் அக்கேள்வியை எழுப்பலாம்.