கண்ணாடி காட்டாத இடம்

கண்ணிருந்தும் காணவொண்ணா இடமொன்று ஒவ்வொரு வண்டிக்கும் உண்டு. ஓட்டுநர் உட்கண்ணாடியையும் இரு பக்கக் கண்ணாடிகளையும் நன்கு நோக்கினும், பின்பக்க மூலைகள் இரண்டில் சிறிது நிலப்பரப்பு அவருக்குப் புலப்படாது எஞ்சி நிற்கின்றது. குருட்டிடம் என வழங்கும் இதனை நாம் 'மறைபுலம்' என்போம்.

நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. புதுவை-விழுப்புரம் சாலையில் பேருந்தும் சரக்குந்தும் மிதிவண்டியும் ஒருங்கே செல்கின்றன. பாகூர் வயற்புறச் சாலைகளிலோ நெல்மூட்டை ஏற்றிய லாரியின் அருகே பள்ளி மாணவர் செல்கின்றனர். நீண்ட வண்டி இடப்பக்கம் திரும்புகையில், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்லாமல் உட்புறம் ஒடுங்கி வருகின்றன. மறைபுலத்தில் நிற்கும் மிதிவண்டிக்கு அங்கே ஒதுங்க இடமில்லை.

இக்குறையை நீக்க அறிவியல் துணைநிற்கின்றது. சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனம் 2000-களின் முற்பகுதியில், பக்கக் கண்ணாடியில் பொருத்திய ஒளிப்படக் கருவியால் மறைபுலத்தைக் கண்காணிக்கும் முறையைக் கொணர்ந்தது. இன்று பெரும்பாலும் பின் பம்பரின் மூலைகளில் ராடார் அமைக்கின்றனர். அருகில் வண்டி வந்தால் பக்கக் கண்ணாடியில் விளக்கு எரியும்; அந்நிலையில் திரும்பற்குறி இட்டால் விளக்கு மின்னும், ஒலியும் எழும். 2021-இல் இந்தியாவில் வெளிவந்த ஹூண்டாய் அல்கசார் காரின் உயர்வகைகளில், திரும்பற்குறி இட்டவுடன் அப்பக்கக் காட்சி ஓட்டுநரின் முன்னுள்ள திரையில் தோன்றுகின்றது. ஐரோப்பிய ஒன்றியமோ, மிதிவண்டியோரை உணர்த்தும் கருவியை 2024 ஜூலை முதல் புதிய சரக்குந்து, பேருந்து அனைத்திற்கும் கட்டாயமாக்கியது.

எனினும் சேறு படிந்தால் கருவியும் தடுமாறும். நம் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகளில் அது இல்லவும் இல்லை. ஆதலின் செலவில்லா வழியொன்றை அறிவோமாக. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிளாட்சர் 1995-இல் கார்களுக்கு விளக்கிய முறை அது. நம் நாட்டுக் கார்களுக்கு அதனைப் பொருத்திக் கூறுவோம். தலையை வலப்பக்கச் சன்னலருகே சாய்த்து, தன் காரின் விளிம்பு சிறிதே தெரியுமளவு வலக்கண்ணாடியை வெளிப்புறம் திருப்புக. பின்னர்த் தலையைக் காரின் நடுப்பக்கம் சாய்த்து இடக்கண்ணாடியையும் அவ்வாறே அமைக்க. நிமிர்ந்து அமர்ந்ததும் தன் கார் மறைந்து, அடுத்த தடம் தெரியும். மறைபுலம் பெரிதும் சுருங்கும்.

மிதிவண்டியில் செல்லும் மாணவர்க்கும் ஒரு நெறி உண்டு. பேருந்தின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையெனில், நாமும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் அவர் நம்மை நோக்கினார் என்பது உறுதியன்று. எனவே, இடப்பக்கம் திரும்பும் வண்டிக்கு உட்புறமாக முந்தலாகாது. பின்னே நின்று வழிவிடுதலே நன்று.

பிள்ளைக்கு இருசக்கர வண்டி வாங்கித் தரும் பெரியோர், சாவியோடு இந்நெறியையும் கையளிப்பாராக. கருவி வரும்வரை காத்திருக்க நம் பிள்ளைகளின் உயிருக்கு நேரமில்லை.