நாவால் சுவையாமல் பதம் அறியும் நைவேத்தியம்

திருக்கார்த்திகைத் தீபத் திருநாளன்று இல்லந்தோறும் அகல் விளக்குகள் ஒளிர, இறைவன் திருமுன் படைக்கப்பெறும் நைவேத்தியங்களுள் சிறப்பிடம் பெறுவது பொரி உருண்டை. கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் அதனோடு இடம்பெறுவதுண்டு. வெண்பொரி திருநீறணிந்த சிவபெருமானையும், தேங்காய் மாவலிச் சக்கரவர்த்தியின் கொடையையும், வெல்லம் அடியார்தம் அன்பையும் குறிக்கும் என்பர் பெரியோர்.

இவையாவும் இன்று கடைகளில் பொட்டலங்களாகக் கிடைக்கின்றன. வாங்கிப் படைப்பது குற்றமன்று. ஆயினும், இல்லத்தில் செய்வோர் குறையக் குறைய, பாகின் பதம் அறியும் கலையும் குடும்பங்களிலிருந்து மறைந்துவிடும். அது கண்ணாலும் காதாலும் விரலாலும் பழக வேண்டிய கலை.

நைவேத்தியம் சமைப்போர், இறைவனுக்குப் படைக்குமுன் அதனைச் சுவை பார்த்தல் ஆகாது என்பது மரபு. பிற உணவுகளில் இது கடினம். வெல்லப் பாகுக்கோ நாவின் துணையே தேவையில்லை; ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் போதும்.

பாகு காய்ச்சும் முறை

பொரி உருண்டைக்கு 4 குவளைப் பொரி, 1 குவளை பொடித்த வெல்லம். கடலை வில்லைக்கு வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 2 குவளை, வெல்லம் 1 குவளை. இரண்டிற்கும் கால் குவளை நீர் போதுமானது.

வெல்லத்தை நீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் மீண்டும் கொதிக்கவிட வேண்டும். நீர் வற்ற வற்றப் பாகின் சூடு ஏறும், பதமும் மாறும். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் முதலில் கரையும்; பின்னர் மெழுகுபோல் இளகி உருளும். மேலும் காய்ந்ததும் கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் ‘டங்’கென ஒலிக்கும். இதுவே பொரி உருண்டைக்குரிய பதம். இன்னும் சிறிது காய்ந்ததும் துளி கண்ணாடிபோல் ஒடியும். இது கடலை வில்லைக்குரியது.

பதம் வந்தவுடன் அடுப்பை அணைத்து, ஏலக்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் தூவ வேண்டும். பொரியுடன் பொட்டுக்கடலையும், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பற்களும் சேர்த்துக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். கடலைக் கலவையை நெய் தடவிய தட்டில் பரப்பி அழுத்தி, இளஞ்சூட்டிலேயே கத்தியால் கோடிட வேண்டும். முற்றும் ஆறியபின் கோடிட்டால் வில்லைகள் நொறுங்கிவிடும்.

நம் நாட்டிற்கேற்ற கவனம்

வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கார்த்திகையோ நமக்கு மழைக்காலம். எனவே, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு மூடாவிடில் ஒரே இரவில் பிசுபிசுத்துவிடும். குலா மலாக்கா எனப்படும் தென்னை வெல்லத்திலும் செய்யலாம்; நிறமும் மணமும் மாறும்.

நிலக்கடலையும் எள்ளும் புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்தவை. ஆனால், வெல்லமும் சர்க்கரையே என்பதை மறத்தல் கூடாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். ஆகவே, வில்லைகளைச் சிறிதாகவே வெட்டுதல் நலம். நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாது. ஆலயத்தில் பிரசாதமாக வழங்குவோர் அது கலந்திருப்பதை முன்கூட்டியே அறிவித்தல் கடமையாகும்.

இவ்வாண்டு பாகு காய்ச்சும் அன்னையர், குளிர்ந்த நீர்க் கிண்ணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும். துளி உருள்வதைக் கண்டு, தட்டில் எழும் ஒலியைக் கேட்ட பிள்ளைக்குப் பதம் பிடிபடும். அப்பிள்ளை தன் கையால் உருட்டிய முதல் உருண்டை தீபத்தின் முன் படைக்கப்படட்டும். சுவை பார்ப்பது அதன் பின்னர் ஆகட்டும்.